அரசர் எங்கே, அரண்மனை அங்கே

இலண்டன் மாநகரிலே, பக்கிங்காம் மாளிகையின் இரும்புவேலிக்கு வெளியே, ஆண்டின் எந்த நாளிலும் ஒரு கூட்டம் நிற்பதைக் காணலாம். அக்கூட்டத்தில் விவரம் அறிந்தவர்கள் முதலிலே பார்ப்பது மாளிகையின் வாயிலை அன்று. அதன் உச்சியிலுள்ள கொடிமரத்தையே பார்ப்பார்கள். சிங்கங்களும் யாழும் பொறித்த அரச கொடி அங்கே பறக்குமாயின், அரசர் உள்ளே இருக்கிறார் என்பது பொருள். வேறு கொடி பறக்குமாயின், அரசர் வேறோர் இடத்தில் இருக்கிறார் என்பது பொருள். அந்த வேறோர் இடம் எது? அரசர் ஒருவருக்கு எத்தனை வீடுகள் வேண்டும்? அவ்வீடுகள் யாருக்குச் சொந்தம்? அவற்றால் நாட்டுக்கு என்ன பயன்? இக்கேள்விகளை வைத்துக்கொண்டு, பிரித்தானிய முடியாட்சி தனது மாளிகைகளை எவ்வாறு பயன்படுத்தி வந்திருக்கிறது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பண்டைக்கால அரசர்கள் பல மாளிகைகளை வைத்திருந்தமைக்குக் காரணம் எளிது. அரசன் தன் நாட்டைச் சுற்றி வரவேண்டும். சென்ற இடத்தில் நீதி வழங்கவேண்டும். தன்னைச் சூழ்ந்துவரும் பெருங்கூட்டத்துக்கு அவ்வவ்விடத்து விளைச்சலைக் கொண்டே உணவளிக்கவேண்டும். ஓரிடத்தில் உணவு குறைந்ததும் அடுத்த இடத்துக்குப் புறப்படவேண்டும். இன்றைய அரசருக்கு அந்தத் தேவை ஒன்றும் இல்லை. சட்டம் செய்வது பாராளுமன்றம். ஆட்சி நடத்துவது பிரதம மந்திரி. நீதி வழங்குவன நீதிமன்றங்கள். அப்படியிருந்தும் மாளிகைகள் நிலைத்திருக்கின்றன. அவற்றின் தொழில் மாறியிருக்கிறதே தவிர, தொழில் இல்லாமற் போய்விடவில்லை.

முதலிலே, இம்மாளிகைகளை இரு வகையாகப் பிரித்து அறிந்துகொள்ளுதல் வேண்டும். பக்கிங்காம் மாளிகை, விண்ட்சர் கோட்டை, சென் ஜேம்ஸ் மாளிகை, ஸ்கொத்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலுள்ள ஹொலிரூட் மாளிகை என்பன முடிக்கு உரியவை. முடியை அணிந்திருப்பவர் அவற்றை அனுபவிக்கலாம், விற்க முடியாது, தம் விருப்பப்படி பிறருக்கு எழுதிவைக்கவும் முடியாது. பின்வரும் அரசருக்காகவும் நாட்டுக்காகவும் காக்கப்படும் பொறுப்புச் சொத்துகள் அவை. ஸ்கொத்லாந்து மலைநாட்டிலுள்ள பல்மோரல் கோட்டையும், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நோர்போக் மாகாணத்திலுள்ள சாண்ட்ரிங்காம் இல்லமும் வேறு வகையின. அவை அரசரின் சொந்தச் சொத்துகள்; நம் ஊரில் ஒருவர் தம் தந்தையாரின் வீட்டையும் வயலையும் ஆள்வது போல ஆளப்படுவன.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதை 1936-ஆம் ஆண்டு உலகம் கண்டது. எட்டாம் எட்வேர்ட் மன்னர் அவ்வாண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் திகதி, தாம் விரும்பி வாழ்ந்த போர்ட் பெல்விடியர் என்னும் சிறு மாளிகையில் இருந்துகொண்டு, முடிதுறக்கும் பத்திரத்தில் ஒப்பமிட்டார். மறுநாள் இரவு விண்ட்சர் கோட்டையிலிருந்து வானொலியிற் பேசி மக்களிடம் விடைபெற்றார். முடி அவருடைய தம்பியாராகிய ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்குச் சென்றது. முடியோடு பக்கிங்காமும் விண்ட்சரும் தாமாகவே சென்றன. ஆனால் பல்மோரலும் சாண்ட்ரிங்காமும் செல்லவில்லை. அவை தந்தையாரின் சொத்தாக மூத்தவரிடமே நின்றன. புதிய அரசர் தம் அண்ணனுக்குப் பணம் கொடுத்தே அவ்விரண்டையும் பெறவேண்டியதாயிற்று. சிம்மாசனம் இலவசமாக வந்தது. குடும்ப வீடு விலைக்கு வந்தது.

இனி ஒவ்வொரு மாளிகையாகப் பார்ப்போம்.

சென் ஜேம்ஸ் மாளிகை எட்டாம் ஹென்றி மன்னர் 1530-களிலே கட்டுவித்த செங்கல் மாளிகை. வைற்ஹோல் மாளிகை 1698-இல் தீக்கிரையான பின்னர், இதுவே அரசரின் தலைமை இல்லமாயிற்று. இன்று அரசர் இங்கே வசிப்பதில்லை. எனினும் இலண்டனுக்கு வரும் வெளிநாட்டுத் தூதுவர்கள் இன்றும் "சென் ஜேம்ஸ் அரசவைக்கான தூதுவர்" என்றே அழைக்கப்படுகின்றனர். அவர்கள் தம் நியமனப் பத்திரங்களைக் கையளிப்பது பக்கிங்காமில். அவர்களுடைய பட்டத்திலே நிற்பது சென் ஜேம்ஸ். ஓர் அரசர் மறைந்து மற்றோர் அரசர் வரும்போது அரியணை ஏற்புச் சபை கூடுவதும் இங்கேதான். 2022 செப்டெம்பர் 10-ஆம் திகதி மூன்றாம் சார்ள்ஸ் மன்னரின் அரியணை ஏற்பு இங்கே அறிவிக்கப்பட்டபோது, அந்த வைபவம் வரலாற்றில் முதன்முறையாகத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. ஆள் குடியில்லாத மாளிகையும் அரசுக்குப் பயன்படுகிறது என்பதற்கு இது சான்று.

பக்கிங்காம் மாளிகை அரச குடும்பத்தின் கைக்கு வந்தது 1761-இல். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அதனைத் தம் மனைவியார் சார்லற் அரசியாருக்காக வாங்கினார். அப்போது அது மாளிகையன்று, வெறும் வீடு. அவருடைய மகன் நான்காம் ஜோர்ஜ், ஜோன் நாஷ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அதனைப் பெருமாளிகையாக்கினார். ஆயினும் அதிற் குடிபுகுமுன் இறந்தார். 1837-இல் அரியணை ஏறிய விக்டோரியா மகாராணியாரே அங்கே குடியேறிய முதல் அரசர். இன்று அதில் 775 அறைகள் உள்ளன. இந்த எண்ணைக் கேட்டதும் ஒருவர் மலைக்கக் கூடும். ஆனால் அவற்றுள் 188 அறைகள் பணியாட்களின் படுக்கையறைகள். 92 அறைகள் கந்தோர்கள். அரசருக்கும் விருந்தினருக்கும் உரிய படுக்கையறைகள் 52. அரச வைபவ மண்டபங்கள் 19. ஆகவே பக்கிங்காம் என்பது பாதி இல்லம், பாதி காரியாலயம். பிரதம மந்திரி வாரந்தோறும் அரசரைச் சந்திப்பதும், நாட்டுக்கு உழைத்தோருக்கு விருதுகள் சூட்டப்படுவதும், கோடைகாலத்தில் ஒரே பொழுதில் ஏறக்குறைய 8,000 பேர் தோட்டத்தில் தேநீர் அருந்துவதும் இங்கேதான் வழக்கம்.

இரண்டாம் உலகப் போரின்போது இம்மாளிகை வேறொரு தொண்டு செய்தது. 1940 செப்டெம்பர் 13-ஆம் திகதி, ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியாரும் உள்ளே இருந்தபோதே, ஜெர்மன் விமானம் ஒன்று அதன்மீது குண்டு வீசிற்று. மாளிகைத் தேவாலயம் அழிந்தது. ஏழைமக்கள் வாழும் கிழக்கு இலண்டன் அப்போது இரவுதோறும் எரிந்துகொண்டிருந்தது. தமது வீடும் தாக்கப்பட்டதனால், அம்மக்களை இனி நேர்முகமாகப் பார்க்க முடியும் என்று அரசியார் மகிழ்ச்சியோடு கூறியதாக வரலாறு சொல்லுகிறது. அரசரும் அரசியாரும் பகலிலே பக்கிங்காமில் தம் கடமையைச் செய்தனர். பெரும்பாலான இரவுகளில் பாதுகாப்பு நோக்கி விண்ட்சருக்குச் சென்று துயின்றனர். பகலுக்கு ஒரு மாளிகை, இரவுக்கு ஒரு மாளிகை! ஆனால் தலைநகரை விட்டு ஓடவில்லை என்பதே மக்கள் மனத்தில் நின்றது. அழிந்த தேவாலயம் நின்ற இடத்தில் 1962-இல் ஓவியக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது; அரச சேகரத்து ஓவியங்களைப் பொதுமக்கள் அங்கே கண்டு வருகின்றனர்.

விண்ட்சர் கோட்டை இவையெல்லாவற்றுக்கும் மூத்தது. வெற்றியாளர் வில்லியம் 11-ஆம் நூற்றாண்டிலே தேம்ஸ் நதிக்கரைக் குன்றின்மேல் எழுப்பிய காவல் அரண் அது. ஏறக்குறைய 1,000 அறைகள் கொண்ட இக்கோட்டையில் இன்றும் குடியிருக்கிறார்கள். இதன் பெயரையே அரச வம்சம் தன் பெயராகக் கொண்டது. முதலாம் உலகப் போரின்போது, ஜெர்மன் மொழியிலமைந்த தம் குலப்பெயர் மக்கள் காதுக்குப் பொறுக்காததை உணர்ந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், 1917-இல் தம் குடும்பத்துக்கு "விண்ட்சர்" என்ற பெயரைச் சூட்டினார். குலம் வீட்டுக்குப் பெயர் கொடுப்பது உலக வழக்கம். இங்கே வீடு குலத்துக்குப் பெயர் கொடுத்தது.

விண்ட்சருக்கும் நம் இலங்கைத் தீவுக்கும் நேர்த் தொடர்பு ஒன்றுண்டு. 1693-ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தத் தேசாதிபதி கண்டி மன்னராகிய இரண்டாம் விமலதர்மசூரியனுக்குச் சிங்காசனம் ஒன்றை அன்பளிப்புச் செய்தார். நாயக்கர் மரபைச் சேர்ந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வரையில் கண்டி வேந்தர்கள் அதில் வீற்றிருந்தனர். 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னன் கடல்கடந்து வேலூருக்குச் சிறைபோனான். 1832-இல் அங்கேயே இறந்தான். அவனுடைய சிங்காசனமோ இங்கிலாந்து சென்று விண்ட்சர் கோட்டையை அடைந்தது. அங்கே அது நூறாண்டுக்கு மேல் இருந்தது. 1934-இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் குளொஸ்டர் கோமகன் அதனைத் திரும்பவும் இலங்கைக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இன்று கொழும்பு நூதனசாலையில் அதனைக் காணலாம். ஓர் அரசின் மாளிகை, தான் வென்ற அரசுகளின் ஞாபகங்களையும் அடைத்து வைத்திருக்கும் பெட்டகமாகும் என்பதை அந்தச் சிங்காசனம் நமக்கு உணர்த்துகிறது.

விண்ட்சரைப் பற்றிய மற்றொரு செய்தி, மாளிகைகளின் வரலாற்றையே திருப்பிவிட்டது. 1992 நவம்பர் 20-ஆம் திகதி கோட்டையின் சிறு தேவாலயத்தில், விளக்கின் வெப்பம் திரைச்சீலையிற் பற்றியதால் தீ மூண்டது. பதினைந்து மணி நேரம் எரிந்த அத்தீ நூற்றுக்கு மேற்பட்ட அறைகளைப் பாழாக்கிற்று. கோட்டைக்குக் காப்புறுதி இல்லை. திருத்த வேலைக்கான செலவை அரசாங்கம் ஏற்கும் என்று அமைச்சர் ஒருவர் உடனே அறிவித்தார். நாட்டிலே பெரும் ஆட்சேபம் எழுந்தது. தொழில் இழந்தோர் பெருகியிருந்த காலம் அது. அரச குடும்பத்து மணமுறிவுகளும் பத்திரிகைகளை நிரப்பியிருந்தன. "கோட்டை நிற்கும்போது அவர்களுடையது, எரிந்தபோது நம்முடையதா?" என்னும் கருத்தே எங்கும் பேசப்பட்டது. சட்டத்தின்படி பார்த்தால் இக்கேள்வி பொருந்தாது. கோட்டை முடிக்குரியது, முடிக்குரியதைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. ஆனால் மக்கள் கேட்டது சட்டக் கேள்வியன்று, நியாயக் கேள்வி.

அதற்கு எலிசபெத் மகாராணியார் கண்ட விடை, கதவைத் திறப்பது. 1993-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், பக்கிங்காம் மாளிகையின் வைபவ மண்டபங்கள் முதன்முறையாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அனுமதிக் கட்டணம் எட்டுப் பவுண். அவ்வாறு சேர்ந்த பணமே விண்ட்சர்த் திருத்தச் செலவின் பெரும்பகுதியை ஈடுசெய்தது. ஏறக்குறைய 3 கோடியே 65 இலட்சம் பவுண் செலவிலே, தீப்பிடித்த நாளிலிருந்து சரியாக ஐந்தாண்டுகள் நிறைந்த 1997 நவம்பர் 20-ஆம் திகதியளவில், வேலை முற்றுப்பெற்றது. ஒரு மாளிகை எரிந்ததனால் மற்றொரு மாளிகையின் கதவு திறந்தது. திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை.

இனி ஸ்கொத்லாந்துக்குச் செல்வோம். ஹொலிரூட் மாளிகை ஸ்கொத்லாந்து அரசர்களின் பழைய இல்லம். ஆண்டுதோறும் ஜூன் முடிவிலோ ஜூலைத் தொடக்கத்திலோ அரசர் இங்கே ஒரு வாரம் தங்குவார். ஸ்கொத்லாந்து தனக்கென ஒரு வரலாறு உடைய நாடு. அதன் மக்களை இலண்டனுக்கு அழைத்துக் கண்டால் போதாது, அவர்களுடைய தலைநகருக்கே அரசர் செல்லவேண்டும் என்பது இதன் கருத்து. வட அயர்லாந்திலே ஹில்ஸ்பரோ கோட்டையும் இதே நோக்கத்தோடு பேணப்படுகிறது.

பல்மோரலின் இயல்பு வேறு. விக்டோரியா மகாராணியாரின் கணவர் அல்பேர்ட் இளவரசர் 1852-இல் அந்நிலத்தை வாங்கினார். புதிய கோட்டை 1856-இல் நிறைவுற்றது. மலையும் காடும் ஆறும் சூழ்ந்த அவ்விடத்தில், அரச குடும்பத்தினர் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களைக் கழிப்பது வழக்கமாயிற்று. இலண்டனிலிருந்து ஏறக்குறைய 500 மைல் வடக்கே, குளிர்மிகுந்த அக்கோட்டையில் முறைவைத்துத் தங்கவேண்டியிருந்த விக்டோரியாவின் அமைச்சர்கள், அங்கே போவதற்கு அவ்வளவாக ஆசைப்படவில்லை. ஆயினும் பிரதம மந்திரி ஒவ்வோர் ஆண்டும் அங்கே விருந்தினராகச் செல்லும் வழக்கம் வேரூன்றிற்று. ஓய்வு இல்லத்துக்கும் அரசாங்கப் பெட்டிகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. முடிக்கு விடுமுறை இல்லை.

சாண்ட்ரிங்காம் 1862-இல் வாங்கப்பட்டது. பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னராக விளங்கிய இளவரசர், அதனைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டார். வேட்டையாடுதற்குப் பகல்வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கவேண்டும் என்று, அங்குள்ள கடிகாரங்களையெல்லாம் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார். ஆகவே இலண்டனில் ஒரு நேரம், சாண்ட்ரிங்காமில் ஒரு நேரம்! 1936 ஜனவரி 20-ஆம் திகதி இரவு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அங்கே இறந்ததும், அவருடைய மகன் எட்டாம் எட்வேர்ட் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று, அக்கடிகாரங்களைத் திருத்தி நாட்டின் நேரத்துக்குக் கொண்டுவந்தமையாகும்.

வானொலியைக் கேட்போராகிய நமக்குச் சாண்ட்ரிங்காம் முக்கியமான ஓர் இடம். 1932-ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று பிற்பகல், அவ்வீட்டின் சிறிய அறையொன்றில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தம் குடிமக்களுக்கு முதன்முறையாக வாழ்த்துரை ஒலிபரப்பினார். அவ்வுரையை எழுதிக்கொடுத்தவர் றட்யார்ட் கிப்ளிங் என்னும் எழுத்தாளர்.  அரசரின் நத்தார் வாழ்த்து குடிசைக்குள்ளும் வந்தது. 1940 ஒக்டோபரில், பதினான்கு வயதுச் சிறுமியாகிய எலிசபெத் இளவரசியார், போரினால் வீடுவிட்டுப் பிரிந்த சிறுவர்களுக்கு விண்ட்சரிலிருந்து ஆறுதல் மொழிந்தார். 1952 நத்தாரில் அரசியாக முதன்முறை பேசியது சாண்ட்ரிங்காமிலிருந்து. 2020 ஏப்ரலில், தொற்றுநோயினால் உலகமே வீட்டுக்குள் அடங்கியிருந்த வேளையில், 93 வயதிற் பேசியது மீண்டும் விண்ட்சரிலிருந்து. மாளிகை என்பது மக்கள் வந்து பார்க்கும் இடம் மட்டுமன்று. அங்கிருந்து மக்களோடு பேசும் இடமுமாயிற்று.

இம்மாளிகைகளையெல்லாம் இணைப்பது ஒரு பஞ்சாங்கம். எலிசபெத் மகாராணியாரின் பிற்கால ஆட்சியில் அது பருவம் தவறாமல் நடந்தது. நத்தாரும் ஜனவரியும் சாண்ட்ரிங்காமில். தம் தந்தையார் 1952 பெப்ரவரி 6-ஆம் திகதி அவ்வீட்டிலேயே இறந்தாராதலால், அந்நாள் கழியும்வரை மகாராணியார் அங்கே தங்கினார். பின்னர் வாரநாள்களில் பக்கிங்காம்; வார இறுதியில் விண்ட்சர். உயிர்த்த ஞாயிறு வரும்போது ஏறக்குறைய ஒரு மாதம் விண்ட்சர். ஜூனில் கார்ட்டர் விருதாளரின் ஊர்வலத்துக்கும் அஸ்கொட் குதிரைப் பந்தயத்துக்கும் மீண்டும் விண்ட்சர். அடுத்து ஹொலிரூட், அதன்பின் பல்மோரல், இலையுதிர்காலத்தில் மறுபடியும் இலண்டன். உழவனுக்கு விதைப்பும் அறுப்பும் போல, இவ்வட்டம் திரும்பத் திரும்ப வந்தது. இன்ன மாதத்தில் அரசியார் இன்ன இடத்தில் இருப்பார் என்பது மக்களுக்குத் தெரியும். அந்தத் தெரிவே ஒருவகை நிலைபேற்றுணர்வைத் தந்தது.

ஆனால் அரசர் இருக்கவேண்டிய வேளையில், இருக்கவேண்டிய வீட்டில் இல்லாவிட்டால் என்ன நேரும்? வரலாறு இரண்டு உதாரணங்களைத் தருகிறது.

முதலாவது, விக்டோரியா மகாராணியார். 1861-இல் கணவரை இழந்த அவர், விண்ட்சரிலும் பல்மோரலிலும் வைற் தீவிலுள்ள ஒஸ்போர்ன் இல்லத்திலும் துக்கம் காத்தார். பக்கிங்காம் ஆண்டுக்கணக்காக வெறிச்சோடிக் கிடந்தது. 1864-இல் அதன் வேலியிலே குறும்பர் ஒருவர், இவ்வீடு வாடகைக்கோ விலைக்கோ விடப்படும் என்ற கருத்தில் ஓர் அறிவித்தலைக் கட்டிவிட்டார். அது வேடிக்கைதான், ஆயினும் வெறும் வேடிக்கையன்று. அரசரைக் காணாத நாட்டில் குடியரசுக் கொள்கை அக்காலத்திலே வலுப்பெற்று வந்தது.

இரண்டாவது நம்முட் பலர் நினைவிலுள்ளது. 1997 ஓகஸ்ட் 31-ஆம் திகதி டயானா இளவரசியார் பாரிஸ் நகரில் விபத்தில் இறந்தார். அது பல்மோரல் மாதம். மகாராணியார், தாயை இழந்த தம் பேரப்பிள்ளைகள் இருவரோடும் மலைநாட்டிலேயே தங்கினார். பாட்டியார் ஒருவர் செய்யத்தக்கது அதுவே. ஆனால் இலண்டனில், பக்கிங்காமின் முன்னே மலர்கள் மலையாகக் குவிந்தன. மாளிகையின் கொடிமரமோ வெறுமையாக நின்றது. அரச கொடி அரசர் இருக்குமிடத்தில் மட்டுமே பறக்கும்; அது ஒருபோதும் அரைக்கம்பத்தில் இறக்கப்படுவதில்லை, ஏனெனில் அரசர் இறந்தாலும் அரசு இறப்பதில்லை. வேறு கொடி அங்கே ஏற்றும் வழக்கமும் அன்று இல்லை. விதி சரியானதே. ஆனால் அழுதுகொண்டிருந்த மக்களின் கண்ணுக்கு அந்த வெறுங்கம்பம் மனமிலாமையாகத் தோன்றிற்று. பத்திரிகைகள் கடுமையாகக் கேட்டன. செப்டெம்பர் 5-ஆம் திகதி மகாராணியார் இலண்டனுக்குத் திரும்பினார். அன்று மாலையே பக்கிங்காமிலிருந்து நேரடியாக மக்களோடு பேசினார். அவருக்குப் பின்னாலிருந்த சாளரத்தின் வழியே வெளியிலுள்ள கூட்டம் தெரிந்தது. மறுநாள் மாளிகை உச்சியில் யூனியன் கொடி அரைக்கம்பத்திற் பறந்தது. அன்றுமுதல், அரசர் இல்லாத நாள்களில் அக்கொடியே பறப்பது வழக்கமாயிற்று. நெடுநாளைய சம்பிரதாயம் ஒன்று ஒரு வாரத்தில் மாறிற்று.

பாட்டியார் இருக்கவேண்டிய வீடு பல்மோரல். அரசியார் இருக்கவேண்டிய வீடு பக்கிங்காம். இருவரும் ஒருவரே. இதுவே முடியணிந்தோரின் சங்கடம். இரண்டு வகை மாளிகைகள் இருப்பதன் உட்பொருளும் இதுவே.

"இராமன் இருக்குமிடம் அயோத்தி" என்பது நம்மவரின் பழமொழி. அரசாங்கக் காரியங்களில் அது இன்றும் உண்மையாகிறது. 1908-இல் ஏழாம் எட்வேர்ட் மன்னர் பிரான்சு நாட்டுக் கடற்கரை நகரான பியாரிற்சில் ஓய்வெடுத்தபோது, அஸ்குவித் அங்கே பயணம் செய்தே பிரதம மந்திரிப் பதவியை ஏற்றார். 2022 செப்டெம்பர் 6-ஆம் திகதி, உடல் தளர்ந்திருந்த எலிசபெத் மகாராணியார் இலண்டனுக்கு வர இயலாமையால், லிஸ் ட்ரஸ் பல்மோரலுக்குச் சென்று நியமனம் பெற்றார். இரண்டு நாள்கள் கழித்து, செப்டெம்பர் 8-ஆம் திகதி, 96-ஆம் வயதில் மகாராணியார் அங்கேயே காலமானார்.

அதன்பின் நடந்த பயணத்தை நினைத்துப் பாருங்கள். அவருடைய பூதவுடல் பல்மோரலிலிருந்து ஹொலிரூட் மாளிகைக்கு வந்தது. எடின்பரோ மக்கள் அஞ்சலி செலுத்திய பின் இலண்டன் சென்று பக்கிங்காமில் ஓரிரவு தங்கிற்று. வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தில் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று வணங்கினர். செப்டெம்பர் 19-ஆம் திகதி விண்ட்சர்க் கோட்டையிலுள்ள சென் ஜோர்ஜ் தேவாலயத்தில் தந்தையார் அருகே அடக்கமாயிற்று. எழுபது ஆண்டுகள் சுற்றிவந்த மாளிகைகளைக் கடைசியாக ஒருமுறை சுற்றி விடைபெற்றது போல அது இருந்தது.

மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் அரியணை ஏறியபின்னரும் பக்கிங்காமுக்குக் குடிமாறவில்லை. 2003 முதல் தாம் வாழ்ந்த கிளாரன்ஸ் இல்லத்திலேயே தங்கினார். பக்கிங்காமில் 2017-இல் தொடங்கிய பெருந்திருத்த வேலை அதற்கு ஒரு காரணம். 1950-களில் இட்ட மின்கம்பிகளும் நீர்க்குழாய்களும் பழுதாகி, மற்றொரு தீவிபத்துக்கு இடமாகலாம் என்ற அச்சத்தினால், பத்தாண்டு வேலைக்கு 36 கோடியே 90 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. அதன் விளைவாக அரச விருந்துகள் இடம் மாறின. 2025 ஜூலையில் பிரெஞ்சு சனாதிபதி மக்ரோனும், செப்டெம்பரில் அமெரிக்க சனாதிபதி ட்ரம்பும் விருந்துண்டது விண்ட்சரில். மற்றைய மாளிகைகளின் கதவும் அகலத் திறந்து வருகிறது. 2024-இல் பல்மோரல் கோட்டையின் உட்பகுதியும், பக்கிங்காமின் கிழக்குப் பகுதியும் பார்வையாளர் குழுக்களுக்குத் திறக்கப்பட்டன.

இவ்வளவு பணம் நியாயமா என்று கேட்போர் அந்நாட்டிலே உண்டு. கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. 1760-இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் முடிக்குரிய நிலங்களின் வருமானத்தைப் பாராளுமன்றத்திடம் விட்டு, அதற்கு ஈடாக உதவிப்பணம் பெற ஒப்புக்கொண்டார். 2012 முதல் அந்த உதவிப்பணம் அந்நிலங்களின் இலாபத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படுகிறது. முடிக்குரிய மாளிகைகளின் பராமரிப்பு அதிலிருந்தே நடைபெறுகிறது. கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. வீடுகள் அதிகமா என்ற கேள்விக்கு விடை, அறைகளை எண்ணுவதால் வராது. அவ்வீட்டில் நடப்பது எவ்வளவு பொதுவானது, எவ்வளவு சொந்தமானது என்று பிரித்துப் பார்ப்பதால்தான் வரும்.

நம் நாட்டிலும் அந்த முடியின் நிழல் விழுந்த வீடுகள் இருந்தன. கொழும்பிலே இராணி மாளிகை, நுவரெலியாவிலே இராணி இல்லம் என்று தேசாதிபதிகளும் பின்னர் மகாதேசாதிபதிகளும் தங்கிய வீடுகள் அவை. 1952 பெப்ரவரியில், இலங்கையையும் உள்ளடக்கிய நெடும்பயணத்தின் தொடக்கத்தில், கென்யாவில் இருந்தபோதே எலிசபெத் இளவரசியாருக்குத் தந்தையாரின் மரணச் செய்தி எட்டியது. அவர் வழியிலேயே திரும்பினார். 1954 ஏப்ரலில், இலங்கையின் அரசியாகவே இங்கு வந்தார். 1972 மே 22-ஆம் திகதி இலங்கை குடியரசாயிற்று. கொழும்பு இராணி மாளிகை சனாதிபதி மாளிகை என்று பெயர் மாறிற்று. சுவர் மாறவில்லை, கூரை மாறவில்லை, கொடி மாறிற்று.

ஆகவே, நேயர்களே, மாளிகையை மாளிகையாக்குவது அதன் கல்லும் பொன்னும் அல்ல. இன்ன வேளையில் இன்னார் இங்கே இருப்பார், நமக்காக இருப்பார் என்ற மக்களின் எதிர்பார்ப்பே அதனை மாளிகையாக்குகிறது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறும்வரை 775 அறைகளும் பெரிதாகத் தோன்றுவதில்லை. அது பொய்த்துப்போன நாளில், வெறுங்கம்பம் ஒன்றே போதும், அரண்மனை முழுவதும் வெறுமையாகத் தோன்றுவதற்கு.